வெலிச்காவுக்கு இரட்டைப்படையில் பூ

வெலிச்கா டிமோவா செத்துப்போன வியாழக்கிழமையைப் பற்றி எங்கள் இஸ்க்ரா குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோரும் தப்பாகத்தான் சொல்வார்கள். சரியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் அளப்பதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் தாங்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவளைப் பற்றி. வயது ஐம்பத்தெட்டு. மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் ஒன்பதாம் எண் டிராலி பஸ்ஸை முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் சொந்தம் என்று யாரும் கிடையாது. எங்கள் பிளாக்கில், ஒரே படிக்கட்டும் லிஃப்டும் உள்ள எங்கள் வாசலில், மூன்றாவது மாடி. நான் அதே வாசலில் ஐந்தாவது மாடி; லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு யாரும் ஏற்காததால் வாசல் பொறுப்பாளர் வேலையும் என் தலையில். லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள், மழை ஒழுகினாலும் என்னைத்தான். வெலிச்காவும் நானும் பதினெட்டு வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள். வா போ என்றுதான் பேச்சு.

அவள் கிராமத்திலிருந்து வந்தபோது பதினெட்டு வயது. போக்குவரத்துத் தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள், பிறகு ஒரு அறை. அங்கே பதினோரு வருடம் இருந்தாள். அந்த விடுதி எங்கள் மூன்று பிளாக்குகளுக்கும் நடுவில் இன்றைக்கும் நிற்கிறது. நான்கு மாடி, நல்ல செங்கல், இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சுற்றியுள்ள முற்றத்தில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு தகர ஷெட் போட்டுக்கொண்டார்கள். கார் ஷெட் என்று பெயர். திறந்து பார்த்தால் உள்ளே ஊறுகாய் முட்டைகோஸ் பீப்பாயும், மிளகாய் ஜாடிகளும், சாராயம் காய்ச்சும் செப்புப் பானையும்தான் இருக்கும்.

இந்த விடுதியைப் பழுது பார்த்து, சம்பளக்காரர்கள் தாங்கக்கூடிய வாடகைக்கு முப்பது வீடுகளாக மாற்ற வேண்டும் என்பதுதான் வெலிச்காவின் பைத்தியம். ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன்.

"என் பஸ்ஸுல வந்து பாரு. காலை அஞ்சே காலுக்கு ஏறுற நர்ஸுங்க பதினாலு பேர் இருந்தாங்க. இப்ப ஆறு பேரு. மிச்சப் பேரெல்லாம் எங்க? ஜெர்மனி. கேட்டா, சம்பளத்துக்காகப் போகல, வாடகை குடுத்து மாளலன்றாங்க. இன்னும் நாலு வருஷத்துல நான் காலி வண்டிதான் ஓட்டணும்."

அந்த ஆறு பேரில் ஒருத்தி என் மருமகள் இவெலினா, குழந்தைகள் வார்டில் நர்ஸ். என் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு அடுக்களை. அறையில் மகன் பிளாமெனும் இவெலினாவும். கூடத்தில் பேத்தியின் கட்டிலும் துணி உலர்த்தும் கொடியும். நான் அடுக்களையில் மடக்குக் கட்டிலில். ஆறு வருடமாக இப்படித்தான். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி இவெலினாவுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. டிசம்பர் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மாமா, விடுதியில ஒரு வீடு உறுதின்னு காகிதம் வந்தா, ஒன்றரை வருஷம்னாலும் பொறுத்துக்கறேன். வரலைன்னா கிளம்பறோம். என் மேல வருத்தப்படாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள்.

வருத்தப்படுவதா? நியாயம் அவள் பக்கம் இருந்தால் வருத்தத்தை யாரிடம் காட்டுவது? அதனால்தான் நானும் வெலிச்காவின் பின்னால், கையெழுத்து வாங்கும் மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அலைந்தது இரண்டு வருடம். கட்டடம் நகராட்சியுடையது. கடன் தர தலைநகரில் ஒரு கூட்டுறவு வங்கி தயார். பாதி வீடுகளைத் தன் நர்ஸுகளுக்கு எடுத்துக்கொண்டு, வாடகைக்குப் பொறுப்பேற்க ஆஸ்பத்திரியும் தயார். எல்லோரும் தயார், எவரும் அசையவில்லை. நகராட்சி சொன்னது, வங்கியின் கடிதத்தைக் கொண்டு வா. வங்கி சொன்னது, ஆஸ்பத்திரியின் கடிதம் எங்கே. ஆஸ்பத்திரி சொன்னது, நகராட்சி முதலில் எழுதட்டும். பதினோரு மாதம் இவள் இந்த மூன்று மேசைகளையும் சுற்றி வந்தாள். கடைசியில் நகராட்சித் துணை அதிகாரியும் ஆஸ்பத்திரி நிர்வாகியும் ஒரே நாள் காலையில் அவளுடைய பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்களை முன்கதவு வழியாக இறக்கிவிட்டு, பின்கதவைத் திறக்காமல் மோட்டாரை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல, ஒரே நேரத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பேனா வெச்சிருக்கேன். யார் முதல்லன்னு சண்டை வேணாம்."

போட்டார்கள். துணை அதிகாரி பிறகு புகார் எழுதி, அவளுக்கு ஒரு வாரச் சம்பளம் போயிற்று. ஆனால் காகிதம் வந்துவிட்டது. அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவர அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்களை வழிக்குக் கொண்டுவரத்தான் யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் கடைசியாக நகராட்சி கேட்டது எங்கள் சம்மதம். மூன்று பிளாக்கிலும் சேர்த்து இருநூற்றுப் பதினாறு வீடு. பாதிக்கு மேல், அதாவது நூற்றொன்பது சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமை நண்பகல் கெடு. தவறினால் விடுதி ஏலத்துக்குப் போகும்; பல்பொருள் அங்காடிக்காரன் ஒருவன் இடித்துத் தள்ளிவிட்டு வண்டி நிறுத்தம் கட்டக் காத்திருந்தான்.

இரண்டு வருடத்தில் கிடைத்தவை முப்பத்தெட்டு கையெழுத்து. படிப்பக அரங்கில் மூன்று முறை கூட்டம் போட்டோம். முதல் முறை ஏழு பேர், அடுத்தது ஐந்து, மூன்றாவது முறை நான்கு. அந்த நான்கில் நானும் வெலிச்காவும் அடக்கம், அரங்கத்தைப் பூட்ட வந்த ஆளும் அடக்கம். காரணம் என்ன? ஷெட். ஷெட் போய்விடும் என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வருபவர்கள் சத்தம் போடுவார்கள், தண்ணீர் அழுத்தம் குறையும், கண்டவர்கள் வந்துவிடுவார்கள் என்று ஊர்ப்பட்ட காரணம் சொல்வார்கள். தாங்களே தொழிற்சாலை தந்த இனாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு!

இதற்கெல்லாம் தலைவர் பனயோத். பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஷெட்டில் இரண்டு பீப்பாய், ஒரு செப்புப் பானை, இருபத்தைந்து வருடமாக நகராத ஒரு மாஸ்க்விச் கார். வெலிச்கா அந்த ஷெட்டுக்குப் பதினான்கு முறை போனாள். "வீடு விஷயமா..." என்று அவள் தொடங்கியதும் தகரக் கதவு இழுத்துச் சாத்தப்படும். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் எனக்கு ஐந்தாவது மாடியில் கேட்கும்.

வாசல் கதவில் ஒட்டிய கூட்ட நோட்டீஸைப் பார்த்து வெலிச்கா புலம்புவாள். பக்கத்திலேயே சாவு நோட்டீஸ்கள் இருக்கும்; எங்கள் ஊரில் கதவு, மரம், மின்கம்பம், பஸ் நிறுத்தம் எதுவும் மிச்சமில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் படம், பெயர், எந்த நினைவு நாள் என்பது: துக்கம் முடியும் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், பத்தாம் வருடம்.

"பாரேன், செத்தவங்களோடத கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் படிக்கறாங்க. என்னோடதுல ஒருத்தனாவது கண்ணு வைக்கறானா? செத்தாத்தான் மதிப்பு!"

கெடுவுக்கு முந்தைய நாள் மாலை கடைசிக் கூட்டம் வைப்பதென்று முடிவானது. வெலிச்கா புதன்கிழமை காலை ரயிலில் தலைநகருக்குப் போய், வங்கிக் கடிதத்தின் மூலப் பிரதியை வாங்கிக்கொண்டு, வியாழன் மாலை நேராக அரங்கத்துக்கு வருவாள். நோட்டீஸ் அச்சடிக்கும் வேலை என்னுடையது. ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தாள். தன் படம் ஒன்றையும் கொடுத்தாள், டிராலி பஸ் அடையாள அட்டையில் உள்ள அதே முகம், சிரிக்காத முகம்.

"எழுத்தப் படிக்க மாட்டானுங்க. மூஞ்சியப் பாத்தா, அட நம்ம ஒன்பதாம் நம்பர்காரின்னாவது நிப்பானுங்க. பெருசாப் போடச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வழக்கமான நகல் கடை மூடியிருந்தது. கண்ணாடியில் 'ஜெர்மனி போய்விட்டோம்' என்று ஒரு அட்டை. வேறு எங்கே அச்சடிப்பது? ஞாயிறும் திறந்திருப்பது ஆஸ்பத்திரி வாசலில் உள்ள சவப்பெட்டிக் கடை ஒன்றுதான். அங்கே மெஷின் உண்டு, மலிவும்கூட. நிறையப் பேர் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதங்களையே அங்கேதான் நகல் எடுப்பார்கள். கடையில் இருந்த பெண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டு தொலைபேசி அழைப்பு.

"எத்தன?"

"அறுபது."

"படம் நடுவுலதான? வியாழக்கிழமை ஆறு மணி, படிப்பக அரங்கம். சரி. எழுத்து ஜாஸ்தியா இருக்கு அண்ணே, அடங்காது. சுருக்கிடறேன். ஒட்டறதும் இதுலயே சேர்த்திதான், நம்ம ஆள் புதன்கிழமை சாயங்காலம் வந்து எல்லா வாசல்லயும் ஒட்டிருவான். நீங்க அலைய வேணாம்."

ஒட்டிக்கொடுக்கிறார்களா! என் முழங்காலுக்கு அதைவிட நல்ல செய்தி ஏது? மகிழ்ந்து போய் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கடையில் ஒட்டுவதும் சேர்த்தி என்றால் எதை ஒட்டுவார்கள் என்று யோசிக்கும் புத்தி இல்லாமல் போயிற்று. முப்பது வருடம் லிஃப்ட் கம்பியைச் சரிபார்த்தவன் நான்.

வியாழன் காலை ரொட்டி வாங்க இறங்கினேன். வாசல் கதவில் வெலிச்கா. கறுப்புக் கட்டத்துக்குள், பெரிய படமாக, சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். கீழே பெரிய எழுத்தில் அவள் பெயர். அதற்கும் கீழே: 'வியாழன் மாலை ஆறு மணிக்குப் படிப்பக அரங்கில் கூடுவோம்.' அவ்வளவுதான். வீடு, வாடகை, கையெழுத்து எல்லாம் சுருக்கத்தில் போயிருந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நகத்தால் சுரண்டத்தான் பார்த்தேன். நல்ல பசை. அவளுக்கு இரண்டு முறை போன் செய்தேன்; சார்ஜ் தீரும் என்று பயணத்தில் அணைத்தே வைத்திருப்பாள். மறுபடியும் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பனயோத். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எப்படிப்பா? போன வாரம்கூட என் ஷெட்டு முன்னாடி நின்னு என்னத் திட்டிட்டுப் போனாளே!"

நான் வாயைத் திறந்தேன். 'உயிரோடதான் இருக்கா, அச்சுக் கோளாறு' என்று சொல்ல நான்கு சொல் போதும். அப்போது பனயோத் கண்ணைத் துடைத்தார்.

"பதினாலு தடவ வந்தா, மெத்தோதி. பதினாலு தடவையும் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனேன். என்னத்தக் கேட்டா? ஒரு கையெழுத்து. கடவுள் அவள மன்னிக்கட்டும், என்னையும் மன்னிக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். துக்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று பகல் முழுவதும் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். ஒருத்தரிடமும் நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவே. பொய் சொல்லாமலே எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மத்தியானம் கடைக்குப் போய் இரண்டு கார்னேஷன் பூ வாங்கினேன். கையை வீசிக்கொண்டு போனால் சந்தேகப்படுவார்களே.

ஐந்தே முக்காலுக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. நூற்றிருபது பேருக்குக் குறையாது. நிற்க இடமில்லை. தலையில் கறுப்புத் துணி கட்டிய பெண்கள், சாவு வழக்கப்படி, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து வேகவைத்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாக வைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் பூ, எல்லாம் இரட்டைப்படையில்: இரண்டு, நான்கு, ஆறு. உயிரோடு இருக்கிறவர்களுக்கென்றால் ஒன்று, மூன்று, ஐந்து என்று வாங்கியிருப்பார்கள். யாரோ நோட்டீஸைக் கிழிக்காமல் உரித்துக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து, முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். பெட்டி எங்கே, அடக்கம் எப்போது என்று ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர், "கிராமத்துக்குக் கொண்டு போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கேள்விக்குப் பதில் தெரியாதவன் எவனும் கிடையாது.

பேச ஆரம்பித்தார்கள். மழை நாளில் நிறுத்தத்துக்கு முன்பே வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள் என்றார் ஒருவர். என் அம்மா ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று ஒருத்தி அழுதாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. போன வாரம் இதே ஆட்கள் அவளை மாடிப்படியில் கண்டால் லிஃப்டுக்குள் ஒளிந்தார்கள்!

பனயோத் சாராயத்தில் சில துளிகளை இறந்தவளுக்காகத் தரையில் சிந்திவிட்டு, மிச்சத்தைக் குடித்துவிட்டு, கரகரத்த குரலில் கேட்டார்.

"எங்க அந்தக் காகிதம்?"

என் கோட்டுப் பையில் இருந்தது. சம்மதப் படிவத்தின் வெற்றுத் தாள்கள் நான்கு; பழைய முப்பத்தெட்டு கையெழுத்தும் வெலிச்காவிடம். எடுத்து மேசைமேல், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில் பனயோத் போட்டார். பின்னால் வரிசை நின்றது. எங்கள் ஆட்கள் ரொட்டிக்குத் தவிர வேறெதற்கும் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எழுபது. எழுபத்தொன்று. முப்பத்தெட்டைக் கூட்டினால் போதும், தாண்டியாயிற்று. தொண்ணூற்று நான்கில் நின்றது. பேத்தியின் கட்டில் கண்முன் வந்தது.

அப்போது வார்டிலிருந்து நேராக வந்த இவெலினா என் காதருகே குனிந்தாள்.

"மாமா, எந்த ஆஸ்பத்திரியில சேத்தாங்க? எங்ககிட்ட வரலையே. இறந்தவங்க பட்டியல்லயும் பேரு இல்ல."

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மாமா!" என்றாள். பிறகு அவளும் என்னைப்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. சிவப்பு ஜாக்கெட், தோளில் பயணப் பை, ரயிலில் கலைந்த முடியோடு வெலிச்கா உள்ளே வந்தாள். நிரம்பி வழியும் அரங்கத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக நாற்காலி போதாத ஒரு கூட்டம். அவள் கண் கலங்கியது.

"வந்துட்டீங்களா? அய்யோ, இத்தன பேரா! ரயில் லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. வந்துட்டீங்களா எல்லாரும்!"

ஒருத்தி கிறீச்சிட்டாள். கோதுமைக் கிண்ணம் ஒன்று விழுந்தது. பனயோத் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து நாற்காலியில் இடித்தார். வெலிச்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பூக்களைப் பார்த்தாள், கறுப்புத் துணிகளைப் பார்த்தாள்.

"யாரு செத்தது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீதான்" என்றார் பனயோத்.

பிறகு நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. ஒரு நிமிடம் முன்பு அழுதவர்கள் கத்தினார்கள். ஏமாற்றுக்காரி, நாடகம் ஆடுகிறாள், கையெழுத்துக்காகச் செத்தவள் வேஷம் போட்டாள். அவள் உயிரோடு இருப்பதில் ஒரு ஆளுக்காவது சந்தோஷம் வர வேண்டுமே! இல்லை. பூ வாங்கிய காசு பாழாகிவிட்டதே என்ற கோபம்தான் முதலில் வந்தது. வெலிச்கா மேசைக்கு வந்து தன் படத்தைப் பார்த்தாள், தாள்களை எடுத்துப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப போட்டது?"

"இப்பதான்" என்றேன்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சு?"

அவள் நான்கு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் கிழித்தாள். மறுபடியும் கிழித்தாள்.

"பைத்தியமே!" என்று கத்திவிட்டேன். "நாளைக்கு மத்தியானம் கெடு! என் பேத்தி போயிருவா! உனக்கு என்ன, புள்ளையா குட்டியா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவில்லை. பையிலிருந்து வெற்றுத் தாளும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இங்க யாரும் எனக்குக் கடன்பட்டவங்க இல்ல, நானும் உங்களுக்கு இல்ல. பாவம் பாத்து ஒண்ணும் வேணாம். நான் உசுரோட இருக்கேன், நாளைக்கும் உங்க கதவத் தட்டுவேன், உங்களுக்கு எரிச்சல்தான் வரும். அது தெரிஞ்சே போடறவங்க போடுங்க. வங்கிக் கடிதம் இதோ இருக்கு. வரைபடமும் இருக்கு. முற்றத்துல ஷெட்டு எல்லாம் எடுத்துட்டு, கீழ்த்தளத்துல வீட்டுக்கு ஒரு நெலவறை கட்டித் தர்றாங்க. செங்கல் சுவரு, பூட்டு, ஆளுக்கொரு கதவு. பீப்பாய் வைக்க எடம்..."

"என்னது?" என்றார் பனயோத்.

"நெலவறை. முட்டைகோஸுக்கு. முத நாள்லேருந்தே வரைபடத்துல இருக்கு."

"ஷெட்டுக்குப் பதிலா நெலவறை தர்றாங்களா? இத ஏன் முதல்லயே சொல்லல?"

வெலிச்கா அவரைப் பார்த்த பார்வையில் இரண்டு வருடமும் இருந்தது.

"பதினாலு தடவ அதச் சொல்லத்தான் வந்தேன், பனயோத். 'வீடு விஷயமா' வரைக்கும்தான் உன் கதவு என்னை விட்டுச்சு."

யாரோ சிரித்தார்கள். பனயோத்துக்கு முகம் சிவந்தது. கையில் ஆறு வெள்ளைச் செவ்வந்தி வைத்திருந்தார், நல்ல பூ, விலை அதிகம். அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு பூ வாங்கிட்டேன். இத இப்ப நான் என்ன பண்றது?" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தார். பிறகு கொத்திலிருந்து ஒரு பூவை உருவித் தன் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, ஐந்து பூவை அவளிடம் நீட்டினார். "புடி. பேனாவக் குடு."

அவருக்குப் பின்னால் மறுபடியும் வரிசை நின்றது, முதல் வரிசையைவிட மெதுவாக. எல்லோரும் இல்லை. தொண்ணூற்று நான்கு பேரில் எழுபத்தேழு பேர் வந்தார்கள். மீதிப் பதினேழு பேர் பூவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் யார் யார், எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும். செத்தவளுக்குத் தர முடிந்ததை உயிரோடு இருப்பவளுக்குத் தர அவர்களால் முடியவில்லை. முப்பத்தெட்டும் எழுபத்தேழும் நூற்றுப் பதினைந்து. வேண்டியதற்கு மேல் ஆறு. தரையெல்லாம், இரட்டைப்படையைக் குலைக்க ஆளுக்கொன்றாக உருவிப் போட்ட ஒற்றைப் பூக்கள்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை நான் அடுக்கினேன். வெலிச்கா மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீ எத்தன பூ கொண்டு வந்த?"

மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். மறைக்க முடியவில்லை.

"ரெண்டு."

"அவங்களுக்குத் தெரியாது. நான் ரயில்ல வந்துக்கிட்டிருக்கேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே ரெண்டு?"

பேத்தியைச் சொல்லியிருக்கலாம். அடுக்கிய நாற்காலியை மறுபடியும் நேராக்கினேன். வெலிச்கா ஒரு பூவை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை என் கோட்டுப் பொத்தானில் செருகிவிட்டாள், கோணாமல், அழுத்தி.

"நாப்பது நாள் என்கூடப் பேசாத, மெத்தோதி. நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோ. உனக்குத்தான் அது கஷ்டமாவே இல்லையே."

வெள்ளிக்கிழமை காலை தாள்களை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மடக்கு மேசையைத் தூக்க என்னைக் கூப்பிடவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். லிஃப்ட் ஒருநாள் அவளோடு இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. மணியை அடிக்காமல், நானாகத் தெரிந்து போய்ச் சரிசெய்யும்வரை அரை மணி நேரம் உள்ளேயே நின்றாள். கதவு திறந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் நடந்து ஏறினாள். நோட்டீஸ்களை எங்கள் ஊரில் யாரும் கிழிப்பதில்லை, மழைதான் கிழிக்க வேண்டும். தினமும் தன் சாவைத் தாண்டித்தான் ஒன்பதாம் எண்ணை ஓட்டினாள்.

மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை நகராட்சி மன்றம் கூடியது. இவெலினா என் பக்கத்தில், ஒப்பந்தக் காகிதம் அவள் கைப்பையில். வெலிச்கா இரண்டு வரிசைக்கு முன்னால். விடுதி விஷயம் வந்ததும் மன்றத் தலைவர் உறுப்பினர்களைக் கையுயர்த்தச் சொன்னார். கைகள் எழுந்தன. எண்ணினார்கள். நிறைவேறியது என்றார்கள். பாதி வீடு நர்ஸுகளுக்கு. பட்டியலை ஆஸ்பத்திரி நிர்வாகி அங்கேயே வாசித்தார், ஏழாவது பெயர் இவெலினா. அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து நான்காக மடித்தாள்.

அந்த நேரத்தில் வெலிச்கா திரும்பினாள். பழக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் எது நடந்தாலும் திரும்பி என்னிடம் ஏதாவது சொல்வாள். முகமெல்லாம் சிரிப்பு, வாய் திறந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நினைவு வந்து, வாயை மூடிக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டாள்.

அன்று இருபத்தோராம் நாள். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.